அளவை மட்டும் சொல்லுங்கள்

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் முதல்வர்களுக்கும், கண்காணிப்பாளர்களுக்கும், செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். உங்கள் வார்டுகளுக்கு நாங்கள் தைத்துக் கொடுக்க என்ன துணி, எந்த அளவில் வேண்டும் என்று கேட்கத்தான். நாங்கள் ஏழு பெண்கள். ஒருத்தி வங்கியில் இருக்கிறாள், ஒருத்தி பள்ளி ஆசிரியை, இருவர் வீட்டைப் பார்த்துக்கொள்பவர்கள். நானும் இன்னொருத்தியும் பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறோம். ஏழாமவர் முப்பது வருடமாக ஜாக்கெட் தைக்கும் டெய்லர் அக்கா. எங்களுக்குத் தெரிந்த தையல் எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததுதான். மாதத்தில் இரண்டாவது சனி, ஞாயிறு யாராவது ஒருவர் வீட்டு ஹாலில் மெஷின்களைக் கொண்டுவந்து போட்டுவிடுவோம். ஒரு குண்டான் அரிசிம்பருப்புச் சாதம் வைத்துவிட்டால் இரண்டு நாளைக்கு அடுப்படிப் பக்கம் போக வேண்டியதில்லை. தைத்ததை யாருக்காவது கொடுத்துவிடுவோம். மூன்று வருடமாக இப்படித்தான் நடக்கிறது.

முதலில் போர்வைதான் தைத்தோம். தையல்கடைகளில் மிஞ்சும் துண்டுத் துணிகளை மூட்டையாகக் கொடுப்பார்கள். அதை நாலரை அங்குலச் சதுரங்களாக வெட்டி, வரிசைக்கு ஒன்பதாக ஒன்பது வரிசை, மொத்தம் 81 துண்டு. கால் அங்குலம் விட்டுத் தைத்தால் ஒரு கஜத்துக்கு ஒரு கஜம் வரும். அடியில் பழைய நூல் புடவை, நடுவில் பஞ்சுத் தாள், மூன்றையும் சேர்த்துக் கைத்தையல். சாயம் போகும் துணியை முன்கூட்டியே பிரித்துவிட வேண்டும். ஈரமான வெள்ளைத் துணியால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும், சிவப்பும் கருநீலமும்தான் பெரும்பாலும் மாட்டும். ஒரு போர்வைக்கு ஒருத்தியின் சனி, ஞாயிறு முழுதாகப் போய்விடும். அப்படி 31 போர்வை சேர்ந்ததும், பிறந்த குழந்தைகளுக்கு என்று ஓர் அரசு மருத்துவமனைக்கு எடுத்துப் போனோம்.

வாங்க மாட்டோம் என்றார்கள்.

அந்த மருத்துவமனை மேல் எனக்குத் துளியும் வருத்தம் இல்லை. பச்சிளம் குழந்தைகள் பிரிவின் சிஸ்டர் ஒருவர், வேலைக்கு நடுவே பத்து நிமிஷம் ஒதுக்கி, வராந்தாவில் நின்றபடியே காரணத்தைச் சொன்னார். கனமான போர்வை குழந்தையின் முகத்தில் ஏறினால் மூச்சு முட்டும், அதைத் தள்ளிவிடக் குழந்தைக்குத் தெம்பு கிடையாது. ஒரு வயது வரைக்கும் தொட்டிலில் தளர்வான போர்வை எதுவுமே கூடாது. அப்புறம், லாண்டரியில் கொதிநீரில் போட்டால் உள்ளே இருக்கும் பாலியஸ்டர் பஞ்சு கட்டிகட்டியாகத் திரண்டுவிடும், காய்வதற்கும் நாளாகும். காயாத துணியை எந்த வார்டிலும் சேர்க்க முடியாது.

அத்தனையும் நியாயம். எங்களுக்குத்தான் தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இருக்கவில்லை. அதைப் பற்றித்தான் இந்த மடல்.

போர்வைகளை என்ன செய்வது என்று நாங்கள் விழித்தபோது அதே சிஸ்டர்தான் கையைக் காட்டினார். பிரசவ வார்டுக்கு வெளியே, தரையில், பெண்ணுக்குத் துணையாக வந்த அம்மாக்களும் மாமியார்களும் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் செய்தித்தாளை விரித்துப் படுத்திருந்தார்கள், சிலர் முந்தானையையே போர்த்தியிருந்தார்கள். மார்கழி மாதம். ஒரு பாட்டி போர்வையைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “எவ்வளவுங்கண்ணு இது?” என்றார். காசு வேண்டாங்கம்மா என்றதும் நம்பவில்லை. ஒவ்வொரு சதுரமாகத் தடவிக்கொண்டே வந்தவர் ஒரு சுங்குடித் துண்டில் விரலை நிறுத்தி, “இதே மாதிரி என்கிட்ட ஒரு சீலை இருந்துச்சு” என்றார். 31 போர்வையும் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிட்டன. இன்னும் எத்தனையோ பேர் கையை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

கிளம்பும் முன், குழந்தைகளுக்கு என்னதான் வேண்டும் என்று சிஸ்டரிடம் கேட்டோம். தொப்பி என்றார். பிறந்த குழந்தைக்கு உடம்பின் அளவோடு பார்த்தால் தலை பெரிது, சூடு அதன் வழியாகத்தான் நிறையப் போகும். குழந்தையின் உடல் வெப்பம் 36.5 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, எடை குறைவாகப் பிறந்த குழந்தைக்கு அது சட்டென்று இறங்கிவிடும். ஒரு குழந்தைக்கு ஒரே நாளில் நாலைந்து தொப்பி நனையும். அடுத்து, கங்காரு முறைக்கான கட்டுத்துணி. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் 1978ல், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் தொடங்கிய முறை அது. குழந்தையைத் தாயின் வெற்று மார்போடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள், தாயின் சூடே குழந்தைக்குப் போதும். எடை குறைந்த குழந்தைகளுக்கு இதைப் பிறந்த உடனேயே தொடங்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே 2022ல் பரிந்துரைத்திருக்கிறது. அதற்கு நன்றாக இழுபடும் துணி வேண்டும்.

இழுபடும் துணி! திருப்பூரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருக்கும் எங்களிடம் அதற்கா பஞ்சம்? பனியன் கட்டிங்கில் மிஞ்சும் துண்டுகள் இழுத்துக்கொண்டு கோணலாகிவிடும் என்று போர்வைக்கு ஆகாமல் ஒதுக்கி வைத்திருந்தோம். தொப்பிக்கு அதைவிட நல்ல துணி கிடையாது. சிஸ்டர் ஒரு மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் மூன்று அளவு எழுதிக் கொடுத்தார். கயிறு, பட்டன், மணி எதுவும் வேண்டாம், தையல் மடிப்பு வெளிப்பக்கம் இருக்கட்டும், உள்ளே இருந்தால் தோல் உரசிப் புண்ணாகும் என்று அடியில் ஒரு குறிப்பு. அடுத்த இரண்டாம் சனிக்கிழமை உரித்த சின்னத் தேங்காய்கள் வாங்கி வந்து, நூலால் சுற்றளவு பார்த்து, தைத்த தொப்பிகளை அதில் மாட்டிப் பார்த்தோம். தொப்பி போட்ட தேங்காய்கள் மேஜை மேல் வரிசையாக நின்றன. எங்கள் ஆசிரியைத் தோழி அவற்றைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் தைக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய முதல் குழந்தை ஒன்றரைக் கிலோவில் பிறந்தது.

இரண்டே நாளில் 140 தொப்பி. அத்தனையும் வாங்கிக்கொண்டார்கள்.

ஒரு சிஸ்டருக்கு அன்று பத்து நிமிஷம் ஒழிந்ததால் நடந்தது இது. அவர் அன்று லீவாக இருந்திருந்தால் நாங்கள் இன்றைக்கும் போர்வைதான் தைத்துக்கொண்டிருப்போம். பிரசவித்த தாய்மாருக்கு அரசு 2015ல் பரிசுப் பெட்டகம் கொடுக்கத் தொடங்கியது, துண்டு, சட்டை, சின்ன மெத்தை, கொசுவலை என்று அதில் 16 பொருள். நல்ல திட்டம். ஆனால் வார்டில் அன்றாடம் தீர்ந்துபோகிற துணி வேறு. என்ன தீர்கிறது என்பது உங்கள் சிஸ்டர்களுக்குத்தான் தெரியும்.

அதனால் நாங்கள் கேட்பது ஒரு பக்கத் தாள். உங்கள் மருத்துவமனைக்குத் தைத்துக் கொடுக்கக்கூடிய பொருள் எது, மாதம் எத்தனை, அளவு என்ன, எந்தத் துணி, எப்படித் துவைத்துக் கொண்டுவர வேண்டும், யாரிடம் எந்தக் கிழமையில் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தால் போதும். எது வேண்டவே வேண்டாம் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள், அது இன்னும் முக்கியம். தகவல் பலகையில் ஒட்டுங்கள். தைத்து வந்ததில் சரியில்லாததைத் திருப்பிக் கொடுங்கள், நாங்கள் வருத்தப்பட மாட்டோம். பெயர்ப் பலகை, போட்டோ எதுவும் எங்களுக்கு வேண்டாம்.

கிருமித்தொற்று பயமும் கணக்குக் காட்ட வேண்டிய பொறுப்பும் உங்களுக்கு இருக்கின்றன, தெரியும். யாரோ வீட்டில் தைத்ததை நம்பி எப்படி வாங்குவது என்று தயங்குவீர்கள். ஆனால் 2020ஐ நினைத்துப் பாருங்கள். முகக்கவசம் கடையில் கிடைக்காமல் போனபோது, வீட்டிலேயே அதை எப்படித் தைப்பது என்று மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் ஒரு கையேடே போட்டது. தமிழ்நாடு முழுக்க சுய உதவிக் குழுப் பெண்கள் தைத்துக் குவித்தார்கள். எங்கள் டெய்லர் அக்கா மட்டும் எத்தனை தைத்தார் என்று அவருக்கே கணக்கில்லை. சென்னையில் 2016 ஜனவரியில் கின்னஸ் சாதனை படைத்த குரோஷா (கொக்கி ஊசியால் நூல் பின்னுவது) போர்வையும் அப்படித்தான். 11,148.5 சதுர மீட்டர். எங்கெங்கோ இருந்த பெண்கள் சொல்லிவைத்த அளவில் வீட்டிலிருந்தே பின்னி அனுப்பியதைச் சேர்த்தது அது. பிறகு பிரித்து, தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். அளவு தெரிந்தால் பெண்கள் தைத்துவிடுவார்கள்.

தொப்பியோடு நிற்கப்போவதும் இல்லை. எங்களில் ஒருத்திக்குப் போன வருடம் மார்பக அறுவை சிகிச்சை நடந்தது. நீர் வடிய வைத்திருந்த டியூபும் டப்பாவும் உடம்போடு தொங்கிக்கொண்டிருக்க, அதை ஒரு பிளாஸ்டிக் கேரிபேக்கில் போட்டு இடுப்பில் முடிந்துகொண்டு பத்து நாளாக நடந்தாள். ஒரு சின்னத் துணிப்பை, தோளில் மாட்ட ஒரு பட்டை, தைக்க இருபது நிமிஷம் ஆகும். அவள் வீடு திரும்பிய பிறகுதான் எங்களுக்கு அது உறைத்தது. இப்போது அவளே அளவு சொல்ல, 40 பை தைத்து வைத்திருக்கிறோம். எந்த மருத்துவமனையில் யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அவை என் வீட்டு பீரோவில் இருக்கின்றன.

அடுத்த மாத இரண்டாம் சனிக்கிழமை வங்கித் தோழி வீட்டில் கூடுகிறோம். ஏழு மெஷின், இரண்டு மூட்டை பனியன் துணி, துவைத்துக் காயவைத்தாயிற்று. அதற்குள் உங்களில் யாராவது ஒருவர் அந்தத் தாளை ஒட்டினாலும் வந்து பார்த்து எழுதிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஈரோட்டிலிருந்து, ஏழு பேருக்காகவும் நான்