கிழங்கு வாங்கி அனுப்ப மாட்டேன், பிள்ளை

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். அப்பாவின் இருமல் குறைந்துவிட்டது, இரவில் நன்றாக நித்திரை கொள்கிறார். நீ போன கிழமை அனுப்பிய வாய்ஸ் மெசேஜுக்கு நான் பதில் போடவில்லை என்று குறைபட்டாயாம். போனில் இரண்டு வார்த்தையில் சொன்னால் உனக்குக் கோபம்தான் வரும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நாகமரு என்கிற மஞ்சள் ஓர்க்கிட் பூச்செடியின் கிழங்கு இரண்டு வாங்கி, லண்டன் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடச் சொன்னாய். நான் வாங்க மாட்டேன். விளம்பரம் போட்டு விற்கிற அந்த ஆளிடம் நீயும் வாங்காதே.

அந்தப் பூவின் மேல் உனக்கு இருக்கும் ஆசை என்னிடமிருந்து வந்தது. அதில் எனக்குச் சந்தோஷம்தான். தாத்தா ஹப்புத்தளை ஸ்டேஷனில் வேலை செய்த காலத்தில் நாங்கள் ஓடித் திரிந்த பத்தனைகளை, அந்த மலைப் புல்வெளிகளைப் பற்றி எத்தனை தரம் உனக்குச் சொல்லியிருப்பேன்! தேயிலை முடிகிற இடத்தில் புல் தொடங்கும். மழைக்காலத்தில் கால் வைத்தால் செருப்புக்குள் தண்ணீர் ஊறும். மூட்டம் விலகினால்தான் அங்கொன்றும் இங்கொன்றுமாக மஞ்சள் தெரியும். பூக்காத நாளில் அதன் பக்கத்தில் நின்றாலும் உனக்குத் தெரியாது, இலை அப்படியே புல் மாதிரி ஒடுங்கி நீண்டிருக்கும். மெல்லிய தண்டு, அதன் நுனியில் ஒரு பூ, மிஞ்சினால் சில. எலுமிச்சை மஞ்சள் இல்லை, அடர்ந்த மஞ்சள். நடுவில் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் உதட்டிதழில் செந்நிறக் கோடுகள் ஓடும். குனிந்து முகத்தைக் கிட்டக் கொண்டுபோனால்தான் அந்தக் கோடுகள் தெரியும்.

ஆங்கிலத்தில் இதை டஃபடில் ஓர்க்கிட் என்கிறார்கள். வசந்தத்தில் உன் வீட்டுப் பக்கத்துப் பார்க்கில் பூக்கிற டஃபடிலுக்கும் இதற்கும் நிறத்தைத் தவிர வேறு சொந்தமில்லை. ஜோன் லிண்ட்லி என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் 1831இல் வைத்த பெயர் இப்சியா ஸ்பெசியோசா. இலங்கையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இது தானாக வளர்வதில்லை. இதன் உடன்பிறப்பு ஒன்று கேரளத்து மலைகளில் இருக்கிறது, இன்னொன்று தாய்லாந்தில். அவ்வளவு சின்னக் குடும்பம்.

நீ அனுப்பிய விளம்பரப் படத்தை விரல் வைத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீயும் ஒருமுறை அப்படிப் பார். கிழங்குகளில் கறுப்பு மண் அப்படியே ஒட்டியிருக்கிறது. அதற்குள் மெல்லிய புல்வேர் பின்னிக் கிடக்கிறது. ஒரே அளவில் இரண்டு கிழங்கு இல்லை. ஒன்றில் பூத்தண்டு பாதியில் ஒடிந்து நிற்கிறது. சாடியில் வளர்த்த கிழங்குக்குப் புல்வேர் எங்கிருந்து வரும்? மலையில் தோண்டி எடுத்து, சாக்கில் போட்டுக் கொண்டுவந்தவைதான் அவை.

“ஒன்று இரண்டு எடுத்தால் என்ன, திரும்ப முளைக்கும்தானே” என்று கேட்டாய். மரவள்ளி என்றால் ஒரு தடியை ஊன்றிவிட்டு வரலாம். இது அப்படி இல்லை. இலை காய்ந்து போனாலும் அடுத்த மழைக்கு எழும்புவதற்கு வேண்டியதெல்லாம் அந்தக் கிழங்குக்குள்தான் இருக்கிறது. அதைத் தோண்டினால் செடியே போய்விட்டது. விதை விழுந்து வரட்டும் என்று பார்த்தால், ஓர்க்கிட் விதை தூசி போல இருக்கும். உள்ளே குருத்துக்குச் சாப்பாடு என்று ஒன்றும் கிடையாது. மண்ணிலிருக்கும் ஒருவகைப் பூஞ்சை அதோடு சேர்ந்து ஊட்டினால்தான் முளைக்கும். ஒரு காயில் கணக்கில்லாத விதை இருந்தும் செடியாவது மிகச் சில. உன் பல்கனிச் சாடிக்கு அந்தப் பூஞ்சை எங்கிருந்து வரப்போகிறது? இங்கே வெள்ளவத்தையிலும் நான் வைக்க முடியாது. இந்த வெக்கையும் உப்புக் காற்றும் அதற்குச் சரிவராது.

சட்டமும் இருக்கிறது. விலங்கினங்கள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட செடி இது. அதோடு, ஓர்க்கிட் எதுவானாலும், அருகிவரும் செடி, விலங்குகளின் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற உலக ஒப்பந்தத்தின் கீழ் வரும், அனுமதிப் பத்திரம் இல்லாமல் நாடு தாண்டக் கூடாது. உனக்காக ஒருவர் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வந்து, ஹீத்ரோவில் பதில் சொல்ல முடியாமல் நிற்பதா? அந்தப் பாவம் நமக்கு வேண்டாம்.

இந்தக் கிழங்கை வசிய மருந்து என்று நம்பித் தேடுகிறவர்களும் உண்டு. மலையில் சனங்கள் இதைத் தோண்டியதற்கு அதுவும் ஒரு காரணம். எனக்கு அந்த நம்பிக்கையில் துளியும் மரியாதை இல்லை. ஒருவர் மனதைப் பிடிக்க ஒரு செடியை வேரோடு கொல்வதா?

இத்தனைக்கும் அதற்கு நிற்க இடமே குறைந்துகொண்டு வருகிறது. ஊவாப் பத்தனைகளில் எவ்வளவோ நிலத்தில் பைனஸ் மரம் நட்டுவிட்டார்கள். அதற்குக் கீழே போய்ப் பார்த்தால் ஊசியிலை மெத்தைதான், புல்லைக் காண்பது அரிது. மற்ற இடங்களில் தேயிலை, மரக்கறி, உருளைக்கிழங்கு. கோடையில் தீ வேறு வைக்கிறார்கள். நான் சின்னப் பிள்ளையாக ஓடிய சரிவு ஒன்றில் இப்போது வீடுகள் வந்துவிட்டன. அவர்களையும் குற்றம் சொல்ல மாட்டேன், தேயிலைத் தோட்டத்து லயத்து அறைக்குள் தலைமுறை தலைமுறையாக இருந்த சனத்துக்குக் காணி வேண்டும்தானே. ஆனால் விளம்பரம் போட்டுக் கிழங்கு விற்கிறவனுக்கு அப்படி ஒரு நியாயமும் இல்லை. அவனிடம் வாங்க ஆள் இல்லையென்றால் அவன் மலையேற மாட்டான். வாங்குகிற கையாக நீ இருக்கக் கூடாது என்பதுதான் என் ஒரே கவலை. அந்த விளம்பரத்தை ரிப்போர்ட் செய்துவிடு.

சரி, பூவைப் பார்க்கவே வேண்டாம் என்றா சொல்கிறேன்? வந்து பார். கொழும்புக் கோட்டை ஸ்டேஷனில் காலை ரயில் ஏறுவோம். பட்டிப்பொல நாட்டிலேயே உயரமான ஸ்டேஷன், ஏறக்குறைய 1,900 மீற்றர். அதைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழையும்போது இந்தப் பக்கம் மழையாக இருந்தாலும், ஒஹியாப் பக்கம் வெளியே வரும்போது வெயில் எறிக்கும். ஹப்புத்தளையில் என் பழைய சிநேகிதி இருக்கிறாள். எந்தச் சரிவில் இன்னும் பூக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இடத்தை யாருக்கும் சொல்வதில்லை, எனக்கும் போனில் சொல்ல மாட்டாள், நேரில் கூட்டிக்கொண்டு போவாள். நீயும் படம் எடுத்தால் இடத்தின் பெயரைப் போடாதே, போனில் லொக்கேஷனையும் நிறுத்திவிடு.

அவளிடம் பூக்கிற மாதத்தைக் கேட்டு எழுதுகிறேன். அதற்குள் லீவு எப்போது கிடைக்கும் என்று ஒபிசில் விசாரித்து வை. பேரப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
அம்மா