டேவிட் ஹாரோவின் பெயரையும் போடுங்கள்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

கடந்த ஞாயிறு இதழில், இசையோடு கவிதை வாசிப்பவர்கள் பற்றிய கட்டுரையில் ஆன் கிளார்க்கின் பெயரைக் கண்டு மகிழ்ந்தேன். லண்டன் பக்கம் குரொய்டனில் பிறந்தவர், பாடாமல் பேசியே இசைத்தட்டுப் போட்டவர், எல்லாம் சரி. ஆனால் 'பின்னணி இசையுடன்' என்று இரண்டே சொல்லில் தாண்டிவிட்டீர்கள். அந்தப் பின்னணிக்கு ஓர் ஆள் இருந்தார்: டேவிட் ஹாரோ.

1986 இல் நான் ஜேர்மனிக்கு வந்த புதிதில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். கூட வேலைசெய்த ஜேர்மன் பெடியன் ஒருவன், கடை பூட்டியபின் நிலம் துடைக்கும்போது கிளார்க்கின் 'அவர் டார்க்னஸ்' (Our Darkness, 'எங்கள் இருள்') கசெற்றைப் போடுவான். இங்கிலாந்தைவிட இங்கேதான் அவருக்கு ரசிகர்கள் அதிகம். எனக்கு ஜேர்மன் தெரியாது. ஆங்கிலமும் பள்ளிக்கூட ஆங்கிலம்தான். மற்றப் பாட்டுகளில் ஒரு சொல்லும் பிடிபடாது. இதில் பிடிபட்டது, பேசுகிறார் அல்லவா! அப்படியும் முழுவதும் விளங்கப் பல கிழமைகள் எடுத்தன. அவ்வளவு வேகம்.

அந்த வேகம் எங்கிருந்து வந்தது என்பது 1983 இல் வந்த அவரின் 'சேஞ்சிங் பிளேசஸ்' தட்டைத் திருப்பிப் போட்டால் தெரியும். (பின்னாளில் பழைய சாமான் சந்தையில் வாங்கினேன்.) ஒரு பக்கம் ஹாரோவின் சிந்தசைசரும் தாள மெசினும், மறுபக்கம் வினி ரெய்லியின் கிற்றார். கிற்றார் கிளார்க்குக்காகப் பொறுத்து நிற்கும், அவர் மூச்சுவிட்டால் தானும் மூச்சுவிடும். மெசின் நிற்காது. 'ஸ்லீப்பர் இன் மெட்ரோபோலிஸ்' கேளுங்கள்: கீழே அதே நாலைந்து சுரங்கள் சுற்றிச் சுற்றி வர, அவர் வரியை முடித்தாலும் முடிக்காவிட்டாலும் அடுத்த அடி விழுகிறது. நம் கவியரங்குகளில் கைதட்டலுக்காக ஒரே வரியை மூன்று தரம் வாசிப்பார்களே, அந்தச் சலுகை இங்கே கிடையாது. பெருநகரத்தில் தனித்துப்போனவரின் பதற்றம் பாதி சொல்லில், பாதி அந்த மெசினில்.

'அவர் டார்க்னஸ்' கூட கிளார்க்கும் ஹாரோவும் சேர்ந்து எழுதியதுதான். ஹாரோ பிறகும் சும்மா இருக்கவில்லை. பாடகி பில்லி ரே மார்ட்டினின் 'யுவர் லவிங் ஆர்ம்ஸ்' பாட்டை எழுதியவர்களில் அவரும் ஒருவர்.

உங்களை மட்டும் குறை சொல்லவில்லை. அந்தப் பெடியன் எனக்குப் பதிந்து தந்த கசெற்றின் அட்டையிலும் 'ஆன் கிளார்க்' மட்டும்தான் இருந்தது. கீழே ஹாரோவின் பெயரை எழுதியது நான், நீலப் பேனையால்.

இப்படிக்கு,
பழைய வாசகன்,
டோர்ட்முண்ட், ஜேர்மனி