பெட்டூனியா போனால் போகட்டும்

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய படம் பார்த்தேன். பெட்டூனியா மொத்தமும் சருகாகிக் கிடக்கிறது. அதற்காக அழுவாளா ஒருத்தி? அது குளிர்காலப் பூ. சென்னை மொட்டை மாடியில் சித்திரை வரை தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம். நர்சரிக்காரர் அதைச் சொல்லாமல் விற்றுவிட்டார், அவ்வளவுதான்.

இனி வருஷக்கணக்கில் நிற்கிற செடியாக வாங்கு. முதலில் காகிதப்பூ. நம் வாசல் காகிதப்பூவுக்கு அப்பா தினமும் இரண்டு குடம் ஊற்றி, மூன்று வருஷம் வெறும் இலையைத்தான் பார்த்தார். கண் ஆபரேஷன் முடிந்து அவர் படுத்திருந்த மாதம் யாரும் தண்ணீர் விடவில்லை. எழுந்து வந்து பார்த்தால் இலையே தெரியாமல் ராணிக் கலர்! அதைக் காயப்போட வேண்டும். இலை லேசாகத் துவளும்போது ஊற்று, போதும். ஒரு பூவைப் பறித்துப் பிரித்துப் பார். நாம் பூ என்று சொல்வது நிறம் மாறிய இலை. அதன் நடு நரம்பில் ஒட்டிக்கொண்டு, சின்னக் குழல் மாதிரி வெள்ளையாக இருக்கிறதே, அதுதான் நிஜப் பூ.

செம்பருத்தியில் ஒற்றை அடுக்குச் சிவப்பை வை. ஒரு நாள் பூதான், ஆனால் தினமும் பூக்கும். கொழுந்தடியில் பஞ்சு மாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் மாவுப்பூச்சி. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், துளி சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளி. வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

இட்லிப்பூ உனக்குப் பிடிக்கும், தெரியும். ஆனால் உங்கள் போர் தண்ணீர் உப்பு. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இலை வெளுத்துப்போகும். நானாக இருந்தால் வைக்க மாட்டேன்.

நித்தியகல்யாணி சுவர் வெடிப்பில்கூட வளரும். புற்றுநோய் மருந்தே அதிலிருந்து எடுக்கிறார்கள். அதற்காகக் குழந்தை வாயில் வைத்துவிடக் கூடாது, விஷம். எட்டாத உயரத்தில் வை. அரளி வேண்டவே வேண்டாம்; உன் பிள்ளை எதை எடுத்தாலும் வாய்க்குத்தான் கொண்டுபோகிறான்.

அக்னி நட்சத்திரத்தில் எதையும் நடாதே. ஆடிக்கு வரும்போது நானே முற்றின காகிதப்பூக் குச்சி நாலு வெட்டிக்கொண்டு வருகிறேன். அதுவரை தொட்டிகளைத் தூக்கிப் போட்டுவிடாதே. அடியில் ஓட்டை அடைத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து வை.

அன்புடன்,
அம்மா