பாடநூல் எழுதுபவர்களுக்கு: அந்த அம்புக்குறிகளைப் பற்றி

நோயெதிர்ப்பியல் பாடம் எழுதும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நோயெதிர்ப்பை வழிநடத்தும் வெள்ளணுக்களான உதவி டி செல்கள் பற்றிய அத்தியாயத்தில் தவறாமல் ஒரு படம் போடுகிறீர்கள். இடப்பக்கம் எந்த வேலையும் ஏற்காத ஒரு புதிய செல்; அதிலிருந்து கிளம்பும் அம்புகள்; வலப்பக்கம் அது மாறக்கூடிய வகைகளுக்கு டிஎச்1, டிஎச்2, டிஎச்17 என்று பெட்டிகள். அந்தப் படத்தை வைத்துத்தான் நானும் பாடம் நடத்துகிறேன். போன தடவை ஒரு மாணவி, "தப்பான பெட்டிக்குள் போன செல் திரும்பி வரவே முடியாதா?" என்று கேட்டாள். படத்தில் அதற்குப் பதில் இல்லை.

பெட்டிகள் வந்த கதை தெரிந்ததுதான். 1986இல் மாஸ்மேனும் காஃப்மேனும் எலியின் உதவி டி செல்களை, அவை சுரக்கும் சைட்டோகைன்களை (மற்ற செல்களுக்குச் செய்தி சொல்லும் புரதங்களை) வைத்து டிஎச்1, டிஎச்2 என்று இரண்டாகப் பிரித்தார்கள். அப்புறம் ஒவ்வொரு வகைக்கும் அதைத் தீர்மானிக்கும் ஒரு தலைமைப் புரதம் கிடைத்தது: டிஎச்1க்கு டி-பெட், டிஎச்2க்கு காட்டா3. சரி, அதில் பிழையில்லை.

ஆனால் செல்லுக்குள் எட்டிப் பார்த்தால் கதவு முழுக்கச் சாத்தப்படவில்லை. டிஎச்2 செல்லில் டி-பெட் ஜீன் ஓய்ந்துதான் கிடக்கிறது. ஆனாலும் அங்கே டிஎன்ஏ சுற்றிக்கொண்டிருக்கும் புரதங்களான ஹிஸ்டோன்களில் 'மூடு' என்ற குறியோடு 'திற' என்ற குறியும் ஒட்டியிருக்கிறது. சூழல் மாறினால் அந்த ஜீன் விழித்துக்கொள்ளலாம்.

2011இல் வெளியான ஒரு எலி ஆய்வை மாணவர்களுக்கு அவசியம் சொல்லுங்கள். டிஎச்17இன் அடையாளச் சைட்டோகைனான இன்டர்லூக்கின்-17ஐ ஒருமுறை சுரக்கத் தொடங்கிய செல், பிறகு என்னவாக மாறினாலும் ஒளிரும்படி ஜீனில் அடையாளம் வைத்தார்கள். நரம்புறையைத் தாக்கும் நோயை வரவழைத்துத் தண்டுவடத்தைப் பார்த்தபோது, அங்கே டிஎச்1இன் அடையாளச் சைட்டோகைனான இன்டர்ஃபெரான் காமா சுரந்த டி செல்களில் மிகப் பெரும்பாலானவை ஒளிர்ந்தன. டிஎச்1 மாதிரி நடந்துகொண்ட அவை எல்லாம் டிஎச்17ஆக இருந்தவை!

இதைத் தேர்வுக்காக மட்டும் கேட்கவில்லை. நோயெதிர்ப்பை அடக்கிவைக்கும் வகையான ஒழுங்குபடுத்தும் டி செல்களைப் பெருக்கி நோயாளிக்குச் செலுத்தும் சிகிச்சைகள் சோதனையில் இருக்கின்றன. மூட்டழற்சி வந்த எலிகளில் அதே வகைச் செல்கள் சில தங்கள் தலைமைப் புரதமான ஃபாக்ஸ்பி3ஐ இழந்து, டிஎச்17ஆக மாறி அழற்சியைக் கூட்டியதை 2014இல் கண்டிருக்கிறார்கள். அமைதிப்படுத்த அனுப்பிய செல் எதிரணியில் சேர்ந்துகொண்டால் என்ன ஆகும்? நாளை இந்தச் சிகிச்சையை வடிவமைக்கப்போவது இன்று உங்கள் படத்தைப் பார்த்து வரைகிற பிள்ளைகள்தான்.

பெட்டிகளை அழிக்க வேண்டாம். அடுத்த பதிப்பில், பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே புள்ளிக்கோட்டில் சில அம்புகள் சேருங்கள். அந்த ஒளிரும் செல்களுக்கு அரைப்பக்கம் கொடுங்கள்.

அன்புடன்,
ஓர் உயிரியல் ஆசிரியர்