தெரிஞ்ச பையன்தான் என்றால் போதுமா?

ஐயா,

கோத்தகிரியில் போன வாரம் ஒரு மாலை. பத்தடி தள்ளி நிற்பவர் தெரியாத மூடுபனி. மகளின் பள்ளி வேன் அரை மணி நேரம் தாமதமாக வந்தது. ஓட்டுநர் புது முகம், உதவியாளர் இல்லை. கடைசி நிறுத்தம் எங்களுடையது என்பதால் வேனில் அவளும் அவரும் மட்டும்தான். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால், அவர் யார் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

பள்ளியில் கேட்டேன். "வேன் கான்ட்ராக்ட்தான், அவங்ககிட்ட கேளுங்க" என்றார்கள். சரி என்று கான்ட்ராக்டரைக் கேட்டால், "தெரிஞ்ச பையன்தான். பள்ளியில் லைசென்ஸ் மட்டும்தானே கேட்டாங்க?" என்கிறார்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, குழந்தைகளோடு பழகும் பள்ளி ஊழியர் ஒப்பந்தப் பணியாளரே ஆனாலும் காவல்துறை சரிபார்ப்பு கட்டாயம். அதையும் ஒருமுறையோடு நிறுத்தாமல் அவ்வப்போது செய்ய வேண்டும். தனக்குக் கீழே வேலை செய்பவர் ஒரு குழந்தையிடம் செய்த பாலியல் குற்றம் தெரிந்தும் புகார் தராத நிறுவனப் பொறுப்பாளருக்கு, அவர் பள்ளியாரோ கான்ட்ராக்டரோ, போக்சோ சட்டத்தில் ஓராண்டு வரை சிறை உண்டு. வேன் மட்டுமல்ல, கேன்டீன், காவலாளி, விளையாட்டுப் பயிற்சியாளர் என எங்கும் இப்போது ஒப்பந்த ஆட்கள்தானே?

மாற்று ஓட்டுநர் வந்தால் அவர் பெயரும் படமும் வேன் கிளம்பும் முன்பே பெற்றோரின் வாட்ஸ்அப்புக்கு வர வேண்டும். ஒப்பந்தத்திலேயே இதை எழுதிப் பள்ளியும் கான்ட்ராக்டரும் கையெழுத்திட மாவட்டக் கல்வித் துறை உத்தரவிட வேண்டும். வேனுக்குள் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் குழந்தைகள் கண்ணில் படும் உயரத்தில் ஒட்டட்டும்.

ஒரு தாய்,
கோத்தகிரி