நான்கு பேப்பர், பதினோரு நாள்

அன்புள்ள மீனா,

உன் கடிதம் கிடைத்தது. வேலைக்குப் போய்க்கொண்டே பட்டப்படிப்பைத் தொடர்கிறாய் என்பது தெரியும். ஆனால் பதினோரு நாளுக்குள் நான்கு பேப்பர், எல்லாமே முதல் அத்தியாயத்திலிருந்து கடைசி வரை முழுப் போர்ஷன் என்று படித்ததும் எனக்கே வயிற்றைக் கலக்கியது. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் நடக்கத் தொடங்கிவிட்டாள். மேசையில் ஒரு தாளை வைக்க முடிவதில்லை. இதை அலமாரி மேல் வைத்து, நின்றபடிதான் எழுதுகிறேன்.

நீ அனுப்பிய டைம்டேபிளைப் பார்த்தேன். ரொம்ப அழகாக இருக்கிறது, அதனால்தான் சந்தேகம். நான்கு பாடத்துக்கும் சமமான நேரம், ஒவ்வொன்றிலும் முதல் அத்தியாயத்தில் தொடங்கி வரிசையாக. இப்படிப் போனால் முதல் மூன்று அத்தியாயம் பளிச்சென்று நிற்கும், கடைசி மூன்றை முந்தின இரவு புரட்டிக்கொண்டிருப்பாய்.

நேரத்தைப் பங்கு போடும் முன் ஓரிரு மாலையை ஒதுக்கிவிட்டு, நான்கு பாடத்திலும் ஒரு பழைய வினாத்தாளை எடு. புத்தகத்தை மூடி வை. முழுவதும் எழுத வேண்டாம். கேள்வியைப் பார்த்ததும் எங்கே தொடங்குவது என்று தெரிகிறதா, அது போதும். தொடங்கவே தெரியாதவை எவை, பாதியில் நின்றுபோகிறவை எவை என்று குறித்துக்கொள். எதற்கு எத்தனை மணி நேரம் என்பதை அந்தக் குறிப்பு சொல்லட்டும். இயற்பியலில் முக்கால்வாசி நீ எழுதிவிடுவாய் என்றே நினைக்கிறேன். பிறகு அதற்கும் கரிம வேதியியலுக்கும் ஒரே அளவு நேரம் எதற்கு? பிடித்த பாடத்தோடு உட்கார்ந்திருப்பது சுகம்தான், படித்த திருப்தியும் வந்துவிடும். மார்க்தான் வராது.

இயற்பியலிலும் கால்குலஸிலும் பின்னாலிருந்து முன்னால் வா. சுழல் இயக்கத்தில் ஒரு கணக்குப் போட்டால் ஆற்றல் அழிவின்மையும் நியூட்டனின் விதிகளும் தாமாகவே வந்து நிற்கும். தொகையிடல் கணக்கில் வகையிடலும் திரிகோணமிதியும் வரும். தடுக்கும் இடத்தில் மட்டும் பழைய அத்தியாயத்தைத் திற.

உயிரியலில் இது செல்லாது. மரபியலை எவ்வளவு படித்தாலும் செல் சுவாசம் நினைவுக்கு வராது. அதற்கு தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வேண்டும்: செல் சுவாசத்தில் ஒரு கட்டமான கிரெப்ஸ் சுழற்சியை வெற்றுத்தாளில் வரை, விட்டதைப் பார்த்துத் திருத்து, மறுநாள் இன்னொரு முறை, நாலைந்து நாள் கழித்து மறுபடியும். உனக்கு உயிரியல்தான் கடைசிப் பேப்பர். கடைசிப் பேப்பர்தான் எப்போதும் அடிவாங்கும். அதனால் அதை இன்றைக்கே ஆரம்பி, ஒரு நாளைக்கு அரை மணி நேரம் போதும்.

கரிம வேதியியலில் வேறொரு சிக்கல். எஸ்என்1, எஸ்என்2 என்ற பதிலீட்டு வினைகள், ஈ1, ஈ2 என்ற நீக்க வினைகள், இந்த நான்கையும் தனித்தனியாகப் படிக்கும்போது எல்லாம் புரிகிறது என்று எழுதியிருந்தாய். புரியத்தான் செய்யும், ஏனென்றால் அத்தியாயத்தின் தலைப்பே விடையைச் சொல்லிவிடுகிறது! முழுப் போர்ஷன் தேர்வில் அந்தத் தலைப்பு இருக்காது. மூலக்கூறின் அமைப்பு, காரத்தின் வலிமை, கரைப்பான், வெப்பநிலை எல்லாவற்றையும் பார்த்து நீதான் முடிவு செய்ய வேண்டும். ஆகவே கணக்குகளைக் கலைத்துப் போட்டுச் செய். ரோரர், டெய்லர் என்ற இரு ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைப் பற்றியதுதான். கல்லூரி மாணவர்களுக்குத் திண்மங்களின் கனஅளவு காணும் கணக்குகள் கொடுத்தார்கள். ஒரே வகையாக அடுக்கிச் செய்தவர்கள் பயிற்சியின்போது 89 சதவீதம் சரியாகப் போட்டார்கள், கலந்து செய்தவர்கள் 60 சதவீதம். ஒரு வாரம் கழித்துத் தேர்வு வைத்தபோது அடுக்கிச் செய்தவர்களுக்கு 20, கலந்து செய்தவர்களுக்கு 63. கலந்து செய்யும்போது தடுமாற்றமாக இருக்கும், எரிச்சல் வரும். அதைப் பார்த்து பழைய முறைக்குத் திரும்பிவிடாதே.

இரண்டாவது பேப்பரும் மூன்றாவதும் அடுத்தடுத்த நாள் வருகிறதே, அங்கேதான் கவனம். அந்த ஒரு மாலையில் புதிதாக எதையும் படிக்க முடியாது. கால்குலஸ் அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அன்று மாலை வேண்டுமானால் சூத்திரத் தாளை ஒரு முறை பார்த்துவிட்டுப் படு. இரவு முழுக்க விழித்திருந்து போனால் கூட்டல் குறியே கழித்தலாகத் தெரியும். முடிந்தால் அந்த இரண்டு நாளுக்கு இப்போதே விடுப்பு சொல்லி வை. உன் மேலாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அப்புறம், என்னிடம் இப்போது ஆய்வக வகுப்புகளும் விடைத்தாள் திருத்துவதும்தான் முழு நேர வேலை என்று சொன்னேனா? சிவப்புப் பேனாவுக்குப் பஞ்சமில்லை. நீ எழுதிப் பார்க்கும் விடைகளைப் படம் எடுத்து அனுப்பு, வேதியியலையும் இயற்பியலையும் நான் திருத்தித் தருகிறேன். உயிரியலுக்கு மட்டும் வேறு ஆளைப் பார், அதில் நீயே எனக்குப் பாடம் எடுத்தவள்.

அன்புடன்,
வசந்தி