தலைப்பிறை ஹதீஸை மிம்பரில் வாசிக்கும்போது: மலைநாட்டுப் பள்ளிவாசல்களுக்கு ஒரு திறந்த மடல்

கண்டி, மாத்தளை, நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் பள்ளிவாசல் நிர்வாக சபையினருக்கும் கதீப்மாருக்கும்,

அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

ரமழானின் தலைப்பிறை தேடும் ஷஃபான் பிறை 29 அன்று, மஃரிபுக்கு (சூரியன் மறையும் நேரத்துத் தொழுகைக்கு) முன்னரே மூடுபனி இறங்கிவிடும் ஊர்கள் நம்முடையவை. மார்ச், ஏப்ரலில் பின்னேரத்து இடிமழை. மே தாண்டினால் ஹட்டன், நாவலப்பிட்டிப் பக்கம் தென்மேற்குப் பருவமழை. 'மேகம் மறைத்தால் என்ன செய்வது' என்ற ஹதீஸ் (நபிமொழி) நமக்கு எப்போதோ ஒருமுறை தேவைப்படுவதல்ல. அப்படியிருந்தும் அந்த ஹதீஸைத்தான் நாம் அரைகுறையாக வாசித்துக்கொண்டிருக்கிறோம்.

ஒரு பள்ளியில் 'முப்பதாகப் பூர்த்தி செய்யுங்கள்' என்று நபி (ஸல்) சொன்னதாக பயான். அடுத்த மஹல்லாவில் 'கணித்துக்கொள்ளுங்கள்' என்று சொன்னதாக பயான். இருவரும் காட்டுவது ஸஹீஹுல் புகாரி என்ற ஹதீஸ் தொகுப்பு. கேட்டிருக்கும் மக்கள், இரண்டில் ஒருவர் பொய் சொல்கிறார் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். உண்மையில் இருவருமே பாதியைத்தான் சொல்கிறார்கள்.

புகாரியில் நோன்புப் பாடத்தை விரித்தால் அடுத்தடுத்து வருபவற்றைப் பாருங்கள். இமாம் மாலிக், தம் ஆசிரியர் நாஃபிஃ வழியாக, நபித்தோழர் இப்னு உமர் (ரழி) அறிவிப்பது: 'ஃபஇன் கும்ம அலைக்கும் ஃபக்துரூ லஹு', உங்களுக்கு அது மறைக்கப்பட்டால் அதற்கு அளவிடுங்கள். அடுத்தது, மாலிக், அப்துல்லாஹ் இப்னு தீனார் வழியாக அதே இப்னு உமர்: 'ஃபஅக்மிலுல் இத்தத ஸலாஸீன்', எண்ணிக்கையை முப்பதாக நிறைவு செய்யுங்கள். சற்றுத் தள்ளி அபூஹுரைரா (ரழி): 'ஃபஅக்மிலூ இத்தத ஷஃபான ஸலாஸீன்', ஷஃபானின் எண்ணிக்கையை முப்பதாக நிறைவு செய்யுங்கள். முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் நாஃபிஃ வழியாகவே இன்னொரு வடிவம் உண்டு: 'ஃபக்துரூ லஹு ஸலாஸீன்', அதற்கு முப்பது என அளவிடுங்கள்.

இரண்டாவதாகச் சொன்னதைச் சற்று நிதானமாகக் கவனிக்க வேண்டும். புகாரிக்கு அதைச் சொன்னவர் மாலிக்கின் மாணவர் அல்கஃனபீ. யஹ்யா இப்னு யஹ்யா அல்லைஸீ அறிவிக்கும், மாலிக்கின் நூலான முவத்தாவில் இதே மாலிக், இதே அப்துல்லாஹ் இப்னு தீனார். ஆனால் வாசகம் 'ஃபக்துரூ லஹு'. ஸனது (அறிவிப்பாளர் வரிசை) ஒன்று, மாணவர் வேறு, சொல்லும் வேறு. மூன்றாவதான அபூஹுரைரா அறிவிப்பிலும் இதே கதைதான். 'ஷஃபான்' என்ற பெயரைச் சேர்த்துச் சொல்பவர், அதன் அறிவிப்பாளர்களில் ஒருவரான ஷுஃபாவின் மாணவர் ஆதம். ஷுஃபாவின் மற்ற மாணவர்கள் முப்பது என்று மட்டுமே சொன்னதால், அது ஆதமின் விளக்கமாக இருக்கலாம் என்று அல்இஸ்மாயீலீ சொன்னதை இப்னு ஹஜர் புகாரியின் விரிவுரையான ஃபத்ஹுல் பாரியில் எடுத்துக்காட்டுகிறார். கருத்தின்படி அறிவிக்கும் இடங்களில் இப்படி நடக்கும். இதனால் ஹதீஸ் பலவீனப்படாது. ஆனால் ஒற்றைச் சொல்லின் மேல் ஒரு சட்டத்தையே ஏற்றி நிறுத்த முன், அந்தச் சொல் யாருடைய வாயிலிருந்து வந்தது என்று பார்ப்பது கட்டாயம்.

இனி 'ஃபக்துரூ'. காஃப், தால், ரா என்ற மூலத்திற்கு அளவிடுதல் என்றும் பொருள், நெருக்குதல் என்றும் பொருள். இரண்டுமே குர்ஆனில் உண்டு. 36:39இல் சந்திரனுக்கு மன்ஸில்களை (தங்குமிடங்களை) அளவிட்டோம் என்று வருகிறது. 65:7இல் வாழ்வாதாரம் நெருக்கப்பட்டவர் பற்றி வருகிறது. இந்த இடத்திலிருந்துதான் மூன்று கிளைகள். இமாம்கள் அபூஹனீஃபா, மாலிக், ஷாஃபிஈ: மாதத் தொடக்கத்திலிருந்து எண்ணி முப்பதாக்குங்கள். இமாம் அஹ்மதின் பிரபலமான கருத்து: மாதத்தை நெருக்குங்கள், பிறை மேகத்திற்குப் பின்னால் இருப்பதாகக் கொண்டு நோன்பு பிடியுங்கள். இதற்கு ஆதாரம் இப்னு உமரின் செயல். வானம் தெளிவாக இருந்தும் பிறை தெரியாவிட்டால் அவர் நோன்பு பிடிக்கமாட்டார். மேகமோ புழுதியோ இருந்தால் பிடிப்பார் என்று அபூதாவூத் என்ற ஹதீஸ் தொகுப்பில் உள்ளது. மூன்றாவது, ஷாஃபிஈ மத்ஹபின் (சட்டப் பிரிவின்) அறிஞர் இப்னு ஸுரைஜ் சொன்னது: 'அளவிடுங்கள்' என்பது கணிதம் தெரிந்தவருக்கு, 'நிறைவு செய்யுங்கள்' என்பது பொதுமக்களுக்கு. கடமையை ஆளுக்கொரு விதமாக்குகிறதே என்று மாலிகீ அறிஞர் இப்னுல் அரபீ இதை மறுத்தார். முதர்ரிஃப் என்ற தாபிஈயின் (நபித்தோழர்களுக்கு அடுத்த தலைமுறையவரின்) பெயரிலும் இக்கருத்து சொல்லப்படுகிறது. அது அவரிடமிருந்து உறுதியாகவில்லை என்பது இப்னு அப்தில் பர்ரின் கூற்று.

எங்கள் நிலைப்பாட்டை மறைக்கவில்லை. முதல் விளக்கமே வலுவானது. 'ஃபக்துரூ லஹு ஸலாஸீன்' என்ற வடிவத்தில் அளவும் எண்ணும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வருவதால், ஒரு வாசகமே மற்றதை விளக்கிவிடுகிறது. ஆனால் இது எங்கள் தர்ஜீஹ் (வலுவானதென நாங்கள் தேர்ந்தது), ஹதீஸின் மொழிபெயர்ப்பு அல்ல. 'ஃபக்துரூ லஹு'வுக்கு நேராகத் தமிழில் 'முப்பதாகப் பூர்த்தி செய்யுங்கள்' என்று அச்சிடுவது தவறு. 'வானியல்படி கணித்துக்கொள்ளுங்கள்' என்று அச்சிடுவதும் அதே தவறுதான். 'அதற்கு அளவிட்டுக்கொள்ளுங்கள்' என்று எழுதிவிட்டு, விளக்கத்தை அடுத்த வரியில் எவருடைய கருத்து என்று பெயரோடு கொடுங்கள்.

'கும்ம' என்ற சொல்லிலும் மலைநாட்டுக்கென்று ஒரு விஷயம் இருக்கிறது. மூடப்படுதல் என்பதே அதன் பொருள்; மேகத்தைக் குறிக்கும் 'கமாம்' அதே மூலம். இப்னு அப்பாஸ் (ரழி) அறிவிப்புகளிலும் மேகம் குறுக்கிடுவதே பேசப்படுகிறது. எதிரே நிற்கும் மலை அதில் சேராது என்பது எங்கள் கருத்து. கையை நேராக நீட்டி முஷ்டி பிடித்தால் அது ஏறத்தாழ 10 பாகை. மேற்குத் தொடுவானத்தில் மலை ஒரு முஷ்டி உயரம் நின்றால், வானம் 4 நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் சாய்வதால், பிறை உண்மையில் மறைவதற்கு 40 நிமிடம் முன்பே மலைக்குப் பின்னால் போய்விடும். 29ஆம் நாள் மாலைப் பிறை சூரியன் மறைந்தபின் பல தடவை அதற்கு மேல் நிற்பதே இல்லை. அந்த இடத்தில் நின்றுவிட்டு 'எங்களுக்கு மறைக்கப்பட்டது' என்று சொல்ல முடியாது. மேற்கு திறந்திருக்கும் ஒரு மேட்டைப் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். சாட்சி சொல்ல வருபவரிடம் சூரியன் மறைந்த இடத்துக்கு வலமா இடமா, எத்தனை விரல் உயரம், கொம்புகள் எப்பக்கம் என்று தனித்தனியே கேட்டு எழுதுங்கள். நம் அகலாங்கில் இளம்பிறை பெரும்பாலும் தோணி போலக் கொம்புகள் மேல்நோக்கிக் கிடக்கும். கொம்புகள் கீழ்நோக்கி இருந்தன என்றால் அவர் கண்டது வேறெதுவோ.

வட்ஸ்அப்பில் சுற்றும் இன்னொன்று: 'பெருநாள் மாதங்கள் இரண்டும் குறையாது', ஆகவே ரமழான் 29இல் முடிந்தால் துல்ஹஜ் கட்டாயம் 30 என்று. இந்த ஹதீஸுக்கு அஹ்மத் ஏறக்குறைய அப்படித்தான் பொருள் கொண்டார். இஸ்ஹாக் இப்னு ராஹவைஹி, நாள் குறைந்தாலும் கூலி குறையாது என்றார். இரண்டையும் ஹதீஸ் தொகுப்பாளர் திர்மிதீ பதிந்திருக்கிறார். இரு மாதங்களும் 29ஆக அமைந்த ஆண்டுகள் உண்டு என்பதால் இரண்டாவதே பொருந்துகிறது.

நாங்கள் கேட்பது பெரிதொன்றுமில்லை. நாட்டுக்கான பிறை அறிவிப்பு கொழும்புப் பெரிய பள்ளிவாசலில் இருந்து வரட்டும். அதில் நாங்கள் தலையிடவில்லை. ஷஃபானின் கடைசி ஜும்ஆவில் மேலே உள்ள நான்கு வாசகங்களையும் அரபியில் ஒன்றன்பின் ஒன்றாக வாசியுங்கள். ஒவ்வொன்றுக்கும் நேர்த்தமிழ் சொல்லுங்கள். அதன்பின், 'இனி நான் சொல்வது இன்ன இமாமின் விளக்கம்' என்று குரலை நிறுத்திச் சொல்லிவிட்டுத் தொடருங்கள். கூடுதலாக ஐந்து நிமிடம் போகும். ஒரே பக்கத்தில் அவற்றை எழுதி அறிவித்தல் பலகையில் ஒட்டுவதற்கான பிரதியை, கேட்கும் எந்தப் பள்ளிக்கும் நாங்கள் தயாரித்துத் தருகிறோம்.

இவ்வண்ணம்,
மலைநாட்டு அரபு மத்ரஸா உஸ்தாத்மார் சிலர்